அசையாத புள்ளிதான் ஆபத்து: சேர்க்கிட்டில் மற்ற விமானத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

வவுனியாவிலும் இரணைமடுவிலும் ஓடுபாதை இருந்தாலும் இரண்டும் விமானப்படையின் கையில். அதனால் எங்கள் பக்கத்துப் பெடியள் சிறிய விமானம் ஓட்டப் படிக்கப் பெரும்பாலும் இரத்மலானைக்குத்தான் போகிறார்கள். கிளிநொச்சியில் இருந்து பறக்கப் படிக்கப் போனவன் நான். அடுத்துப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சேர்க்கிட்டில், அதாவது ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் நீள்சதுரப் பாதையில், எங்கே திரும்புவது என்பதை வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். அங்கே மற்ற விமானத்தைக் காண்பது பற்றித்தான் இது.

முதலில் உயரமானி. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் காற்றழுத்தத்தை அதில் சரியாக வையுங்கள். ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) பிழைத்தால் ஏறத்தாழ 30 அடி பிழைக்கும். பத்துப் பிழைத்தால் வேறொருவரின் உயரத்தில் பறந்துகொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது, றேடியோ. யார் டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் போகும் பக்கம்), யார் பைனலில் (இறங்க ஓடுபாதைக்கு நேராக வரும் கடைசிப் பகுதி) என்று கேட்டுக் கேட்டு முழங்கால் பலகையில் பென்சிலால் குறியுங்கள். மற்ற விமானங்களைக் காட்டும் திரை நல்லதுதான். ஆனால் ட்ரான்ஸ்பொண்டர் (தன்னை அடையாளம் காட்டும் றேடியோ சைகை அனுப்பும் கருவி) இல்லாத விமானம் அதில் வராது, அதனால் எனக்குப் பென்சில்தான் விருப்பம்.

மூன்றாவது, கண். வானத்தைப் பத்துப் பாகைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு செக்கனாவது கண்ணை நிறுத்துங்கள். ஓடும் கண்ணில் தூரத்து விமானம் படாது.

நான் இடறியது இதற்குப் பிறகுதான். டவுன்விண்டில் போகும்போது வலது முன்கண்ணாடியில் ஒரு கறுப்புப் புள்ளி. அது நகரவே இல்லை, அதனால் செத்த பூச்சி என்று விட்டுவிட்டேன். "உது பூச்சியில்லை" என்று ஆசிரியர் கட்டுப்பாட்டை வாங்கி வலப்பக்கம் திருப்பினார். சில செக்கனில் அந்தப் புள்ளிக்குச் சிறகு முளைத்தது. எங்களுக்கு முன்னால் குறுக்கே போனது இன்னொரு பயிற்சி விமானம்.

கண்ணாடியில் நகரும் விமானம் உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ கடந்துவிடும். மோத வருவது கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்று பெரிதாகும். கண்ணோ அசைவதைத்தான் முதலில் பிடிக்கும்.

இதை ஊரிலேயே பழகலாம். ஏ9 வீதியில் பஸ்ஸின் முன் இருக்கையில் இருங்கள். வயல் பக்கத்துச் செம்மண் பாதையால் உழவு இயந்திரம் ஒன்று வீதியை நோக்கி வரும்போது, தலையை அசைக்காமல் கண்ணாடியில் அதன் மேல் விரலை வையுங்கள். விரலை விட்டு விலகினால் பயமில்லை. விரலுக்கு அடியிலேயே நின்று பெருத்தால் இரண்டும் ஒரே நேரத்தில்தான் சந்திக்கு வரும். காவலில்லாத புகையிரதக் கடவைகளிலும் இதே கதைதான்.

சரி, கண்டுவிட்டீர்கள். குறுக்கே வருபவர் உங்கள் வலப்பக்கம் என்றால் வழி அவருக்கு, அவரின் பின்னால் போகும்படி திரும்புங்கள். நேருக்கு நேர் என்றால் இருவரும் வலப்பக்கம். செஸ்னா 152 போல இறக்கை மேலே உள்ளதில், திரும்ப முன் அந்தப் பக்க இறக்கையைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: பூச்சியையும் விமானத்தையும் எப்படிப் பிரித்தறிவது என்று ஒரு தங்கச்சி கேட்டாள். தலையை ஒரு சாண் பக்கவாட்டில் அசையுங்கள். கறையென்றால் பின்னால் உள்ள முகிலை விட்டு விலகும், விமானம் முகிலோடேயே நிற்கும். அதைவிடப் பறக்க முன் கண்ணாடியைத் தண்ணீரும் மென்மையான பருத்தித் துணியும் கொண்டு துடைத்துவிடுங்கள். காகிதம் வேண்டாம், கீறல் விழும்.