சைக்கிள் பந்தய வீரரின் சாதனைப் பட்டியலைப் படிப்பது எப்படி? ஷான் கெல்லியை வைத்து ஒரு வழிகாட்டி

ஜூலை மாதம் டூர் டி பிரான்ஸ் பார்க்க ஆரம்பித்தவர்கள் கொஞ்ச நாளிலேயே பழைய வீரர்களைத் தேடிப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். தேடியதும் கண் போகிற முதல் இடம், டூரை எத்தனை முறை ஜெயித்தார் என்பதுதான். அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் அயர்லாந்தின் ஷான் கெல்லிக்குக் கிடைப்பது பூஜ்ஜியம். டூரில் அவருடைய சிறந்த முடிவு 1985-ல் வந்த நான்காம் இடம், ஒட்டுமொத்தத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடுகிற மஞ்சள் ஜெர்சியை அவர் போட்டதோ 1983-ல் ஒரே ஒரு நாள். ஆனால் 1984-ல் உலகத் தரவரிசை முதன்முதலாக வந்தபோது உச்சியில் இருந்தவர் அவர்தான், அப்புறம் ஐந்து வருஷம்போல அந்த இடம் அவரிடமே இருந்தது. இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பிடிபட்டுவிட்டால் வேறு எந்த வீரரின் பட்டியலையும் நீங்களே படித்துவிடலாம்.

முதலில் பந்தயங்களை மூன்று வகையாகப் பிரியுங்கள். மூன்று வாரம் ஓடுகிற கிராண்ட் டூர்கள் ஒரு வகை: இத்தாலியின் ஜிரோ, பிரான்ஸின் டூர், ஸ்பெயினின் வுவெல்டா. ஒரு வாரப் பந்தயங்கள் இரண்டாவது வகை, பாரிஸ்–நீஸ் மாதிரி. மூன்றாவது வகை ஒரே நாளில் முடிகிற கிளாசிக்ஸ், அதில் மிகப் பழைய, மிகப் பெரிய ஐந்துக்கு மொன்யுமென்ட் என்று பெயர்: மிலான்–சான் ரெமோ, ஃபிளாண்டர்ஸ், பாரிஸ்–ரூபே, லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ், லொம்பார்டியா. இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. சான் ரெமோ கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், ரூபேயில் 50 கிலோமீட்டருக்கு மேல் கரடுமுரடான கல் பாவிய சாலை, லியேஜிலும் லொம்பார்டியாவிலும் மேடு மேடாக ஏற்றம்.

இப்போது கெல்லியின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வெற்றிக்கும் பக்கத்தில் மாதத்தை எழுதுங்கள். பலரும் செய்யாத வேலை இது, ஆனால் விஷயம் இதில்தான் இருக்கிறது. 1986-ஐ மட்டும் பாருங்கள்: மார்ச்சில் பாரிஸ்–நீஸ், அதே மாதம் சான் ரெமோ, ஏப்ரலில் ரூபே, அதற்குப் பிறகு வுவெல்டாவில் மூன்றாம் இடம் (அந்தக் காலத்தில் வுவெல்டா வசந்த காலத்தில் நடக்கும், செப்டம்பருக்கு மாறியது 1995-ல்தான்). பாரிஸ்–நீஸை 1982 முதல் 1988 வரை தொடர்ந்து ஏழு முறை ஜெயித்திருக்கிறார். லொம்பார்டியா அக்டோபரில் வரும், அதை மூன்று முறை. வருஷம் முழுக்க உடம்பை உச்சத்தில் வைத்திருந்த மனிதர் இவர். இன்றைய வீரர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு பந்தயத்தைக் குறிவைத்துத்தான் மொத்த சீசனையும் அமைக்கிறார்கள், அதனால் அவர்களுடைய பட்டியலை இவருடையதோடு வரிக்கு வரி ஒப்பிடாதீர்கள்.

அடுத்து இரண்டாம் இடங்கள். ஐந்து மொன்யுமென்ட்களில் நான்கை கெல்லி ஜெயித்தார், மொத்தம் ஒன்பது வெற்றி. கிடைக்காமல் போனது ஃபிளாண்டர்ஸ் மட்டும்: 1984, 1986, 1987, மூன்று முறையும் இரண்டாம் இடம். ஸ்பிரிண்டில், அதாவது கோட்டை நெருங்கும்போது நடக்கிற கடைசி வேகப் பாய்ச்சலில், ஆபத்தான ஆளென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், அவரைக் கோட்டுவரை கூட்டிக்கொண்டு போக யாருக்கும் மனசு வராது. மற்றவர்கள் முன்னாடியே தப்பிக்கப் பார்ப்பார்கள், துரத்துகிற வேலையை அவர் தலையிலேயே கட்டுவார்கள். அதனால் ஒருவருக்கு நிறைய இரண்டாம் இடம் இருந்தால் ராசியில்லாதவர் என்று முடிவு கட்டாமல், அந்தந்த நாளில் யார் எப்படி ஜெயித்தார் என்று போய்ப் பாருங்கள்.

பாதியில் விலகிய பந்தயங்களையும் தாண்டிப் போகாதீர்கள். 1987 வுவெல்டாவில் கெல்லி முதலிடத்தில் இருந்தார், முடிய மூன்றே நாள் பாக்கி. அப்போது சாட்டில், அதாவது சைக்கிள் சீட், உரசி வந்த கட்டி அவரை இறக்கிவிட்டது. தினமும் ஐந்து ஆறு மணி நேரம் ஒரு கையகலத் தோல் சாட்டிலில், வியர்வை ஊறிய நிக்கரோடு உட்கார்ந்தே இருப்பதை நினைத்துப் பாருங்கள். உட்காரவும் முடியாது, நாள் முழுக்க நின்றுகொண்டே மிதிக்கவும் முடியாது. கொலம்பியாவின் லூயிஸ் ஹெரேரா அந்த வருஷம் ஜெயித்தார். அடுத்த வருஷம் கெல்லி திரும்பி வந்து அதே வுவெல்டாவை ஜெயித்தார். அந்த 1988 வெற்றியின் எடை 1987-ஐயும் சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

அணிப் பெயர்கள் குழப்பும், ஏனென்றால் பணம் போடுகிற கம்பெனி மாறினால் அணியின் பெயரும் மாறிவிடும். பெயரை விடுங்கள், மேலாளர் யார் என்று பாருங்கள். விவசாயக் குடும்பத்துப் பையனாக, 13 வயதில் பள்ளியை விட்டு வயல் வேலைக்குப் போன கெல்லியை, அயர்லாந்துக்கே தேடி வந்து 1977-ல் தொழில்முறைக்குக் கூட்டிப்போனவர் ழான் தெ கிரிபால்டி என்ற பிரெஞ்சு மேலாளர். ஃபிளாண்ட்ரியா அணியில் பெல்ஜிய நட்சத்திரம் ஃபிரெடி மார்ட்டென்ஸுக்கு உதவியாளராக ஓடி, ஸ்ப்ளெண்டர் அணிக்குப் போய்விட்டு, 1982-ல் திரும்பவும் தெ கிரிபால்டியிடம் வந்தபோதுதான் ஏற்றத்திலும் நேர ஓட்டத்திலும் (ஒவ்வொருவராகத் தனியே ஓடி நேரத்தைக் கணக்கிடுகிற பந்தயம்) ஜெயிக்கிற முழு வீரராக மாறினார். முதல் பாரிஸ்–நீஸ் அந்த வருஷம்தான். தற்செயல் என்று நான் நம்பவில்லை.

கசப்பானதையும் படியுங்கள். 1975-ல், நிறவெறி ஆட்சி இருந்த தென்னாப்பிரிக்காவில் பொய்ப் பெயரில் பந்தயம் ஓடியதால் அவருக்கு 1976 ஒலிம்பிக் வாய்ப்பு போனது. 1984-லும் 1988-லும் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியிருக்கிறார், முதலாவதை அவர் மறுத்தார், இரண்டாவதற்கு இருமல் மருந்துதான் காரணம் என்றார். அன்றைய தண்டனைகள் இன்றோடு ஒப்பிட்டால் மிகச் சின்னவை. எனக்கு மிகவும் பிடித்த வீரர் என்பதால் இந்த வரிகளை மூடி வைக்க முடியாது.

தொழிலின் கடைசி வருஷங்களைப் பலரும் வேகமாகப் புரட்டிவிடுவார்கள். 1992 சான் ரெமோவில் கெல்லிக்கு 35 வயது, அவருடைய காலம் முடிந்தது என்றே பேச்சு. கடைசி ஏற்றமான போஜியோவில் இத்தாலிய வீரர் மொரேனோ அர்ஜென்டின் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனார். உச்சியைத் தாண்டியதும் கூட்டத்திலிருந்து கெல்லி கழன்றார். வீட்டுச் சுவர்களுக்கு நடுவே கொண்டை ஊசி கொண்டை ஊசியாக இறங்குகிற குறுகிய சாலை அது, அதில் பிரேக்கைத் தொடவே மனமில்லாதவர்போல விழுந்தடித்து இறங்கி, கடைசி கிலோமீட்டரில் அர்ஜென்டினைப் பிடித்தார். அர்ஜென்டின் திரும்பிப் பார்த்து முன்னால் வரச் சொன்னார். கெல்லி வரவில்லை, பின்னாலேயே காற்று மறைவில் மூச்சு வாங்கிக்கொண்டு, ஸ்பிரிண்டில் தாண்டி ஜெயித்தார். அந்த இறக்கத்தின் வீடியோ கிடைக்கும், அவசியம் பாருங்கள்.

அப்புறம் ஓய்வு. இங்கே மூன்று கேள்வி கேளுங்கள்: உடம்பு என்ன ஆனது, பிழைப்பு என்ன ஆனது, அடுத்த தலைமுறைக்கு என்ன போனது? உடம்பைப் பொறுத்தவரை, சைக்கிளில் எலும்புக்கு அதிர்வு குறைவு என்பதால் பல வீரர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவாக இருக்கும். நீங்களும் நிறைய ஓட்டுகிறவர் என்றால் கொஞ்சம் எடைப் பயிற்சி சேர்த்துக்கொள்ளுங்கள். பிழைப்பில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி: டூரைப் பலமுறை ஜெயித்த பழைய சாம்பியன்களில் எடி மெர்க்ஸ் சைக்கிள் தயாரித்தார், பெர்னார் இனோ பிரிட்டனியில் பண்ணைக்குத் திரும்பினார். கெல்லி 1994-ல் ஓய்வு பெற்று, யூரோஸ்போர்ட் சேனலில் வர்ணனையாளரானார்.

மூன்றாவது கேள்விக்குத்தான் அவரிடம் நல்ல பதில் இருக்கிறது. 2006-லிருந்து 2017 வரை அவர் பின்னால் நின்ற சின்ன அணி ஒன்று இளம் வீரர்களை வளர்த்தது. அதில் ஓடியவர்களில் ஒருவர், கெல்லியின் ஊரான காரிக்-ஆன்-ஷூரிலேயே வளர்ந்த சாம் பென்னெட். புள்ளிக் கணக்கில் முதலிடம் பிடிப்பவருக்குக் கிடைக்கிற டூரின் பச்சை ஜெர்சியை கெல்லி 1989-ல் நான்காவது முறையாக வென்றிருந்தார். அதற்கப்புறம் அதை வென்ற முதல் அயர்லாந்து வீரர் 2020-ல் பென்னெட்தான்.

சரி, முறை பிடிபட்டதா? அடுத்து பிரான்ஸின் ரேமோன் பூலிடோரை எடுத்துப் பாருங்கள். 14 டூர், எட்டு முறை முதல் மூன்று இடத்துக்குள், மஞ்சள் ஜெர்சி ஒரு நாள்கூட இல்லை. மாதத்தை எழுதுங்கள், இரண்டாம் இடங்களில் யார் ஜெயித்தார் என்று பாருங்கள். குடும்பப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்: 1986 ஃபிளாண்டர்ஸில் கெல்லியைத் தோற்கடித்த அட்ரி வான் டெர் பூல் பூலிடோரின் மருமகன், சைக்கிள் வீரர் மாத்தியூ வான் டெர் பூல் பேரன்.