தெரியாதவர்களுக்கும் வீட்டு வைஃபை: ஆப் கட்ட உட்காரும் முன்

வீட்டு நெட்டை முன்பின் தெரியாதவர்களோடு பகிர்ந்துகொள்ள ஒரு ஆப் செய்யப் போகிறீர்கள் என்றால், நெட் கேட்டு வருகிறவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கொடுக்கிற வீட்டுக்காரரை முதலில் மனதில் வையுங்கள். கேட்கிறவர்களுக்குப் புதுச்சேரியில் பஞ்சமே இல்லை. கடலூர், விழுப்புரம் பக்கமிருந்து ஜிப்மருக்கு வந்து கோரிமேட்டில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர், அன்றைய டேட்டா தீர்ந்த பிறகும் ஊரில் இருக்கும் பிள்ளைகளிடம் வீடியோ காலில் பேச நினைப்பார். காலாப்பட்டில் வாடகைக்கு இருக்கும் மாணவருக்கு ப்ராஜெக்ட் ஃபைலை ஏற்றியாக வேண்டும். கொடுக்க மனமிருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் தயங்குவது ஒரே காரணத்தால்தான்: கனெக்‌ஷன் என் பெயரில் இருக்கிறது, எவனோ ஏதாவது செய்துவிட்டால் போலீஸ் என்னைத்தானே தேடி வரும்?

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் போன மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டாமல் கிடந்த ஒரு வீட்டு வைஃபை வழியாகத்தான் போனது. அதனால் பாஸ்வேர்டை ஊருக்கே பகிர்ந்து கொடுக்கும் ஆப் எதையும் செய்யாதீர்கள். யார், எப்போது, எந்த வீட்டு நெட்டில் வந்தார் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

இதற்கென்றே நம் நாட்டில் ஒரு வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டம். அதில் வைஃபை கொடுக்கிற கடையோ வீடோ பிடிஓ. அதற்கு லைசென்ஸும் வேண்டாம், பதிவுக் கட்டணமும் வேண்டாம். பல பிடிஓக்களைச் சேர்த்து, லாகின் சரிபார்ப்பையும் கணக்கையும் பார்த்துக்கொள்வது பிடிஓஏ. பயனரைப் பதிவுசெய்து பக்கத்தில் இருக்கும் வைஃபையைக் காட்டுவது ஆப் புரொவைடர், அதாவது நீங்கள். இவர்கள் எல்லாருடைய பதிவுப் பட்டியலையும் மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் பராமரிக்கிறது. பிடிஓஏவையும் நீங்களே நடத்த ஆசைப்படாதீர்கள், ஏற்கெனவே நடத்துகிற ஒருவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். சாதாரண வீட்டு பிளான்களில் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும், அதைப் படித்துவிட்டே வீட்டுக்காரரைச் சேருங்கள். 200 எம்பிபிஎஸ் வரையிலான ஃபைபர் பிளானுக்குப் பிடிஓவிடம் வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025இல் சொல்லிவிட்டது.

சரி, ரவுட்டருக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் ஆப்பின் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. நெட் கம்பெனி மாட்டிவிட்டுப் போகும் பெட்டியில் நம் மென்பொருளைப் போட முடியாது, ஆகவே ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடுகிற இரண்டாவது ரவுட்டரை அதன் பின்னால் மாட்டச் சொல்வீர்கள். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: விருந்தாளி இரண்டாவது ரவுட்டரில் இருந்தாலும், அதிலிருந்து முதல் பெட்டி வழியாக வீட்டு சிசிடிவியையும் டிவியையும் எட்டிவிடலாம். எனவே விருந்தாளி நெட்வொர்க்கிலிருந்து 192.168, 10, 172.16 முதல் 172.31 வரையிலான உள் முகவரிகளுக்குப் போகும் எல்லாவற்றையும் ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள், லாகின் பக்கத்துக்கும், தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸுக்கும் மட்டும் விட்டுவிட்டு. விருந்தாளிகள் ஒருவர் போனை ஒருவர் பார்க்காதபடி ஐசோலேஷனும் போடுங்கள். திண்ணையில் உட்காரலாம், நடைக்குள் வர முடியாது, அவ்வளவுதான் ஏற்பாடு.

வேகத்தையும் அங்கேயே கட்டுங்கள். 100 எம்பிபிஎஸ் பிளான் என்றால் விருந்தாளிகள் எல்லாருக்கும் சேர்த்து 20 போதும். டவுன்லோடை மட்டும் கட்டிவிட்டு அப்லோடை விட்டுவிட்டால், ஒருவர் கல்யாண வீடியோவை ஏற்றும்போது வீட்டுக்காரரின் ஆபீஸ் மீட்டிங் திக்கும், இரண்டையும் கட்டுங்கள். ஒரு போனுக்கு இவ்வளவு என்ற வரம்பை மேக் முகவரியை, அதாவது வைஃபையில் போன் காட்டும் அடையாள எண்ணை வைத்துக் கணக்கிடாதீர்கள், ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி போன்கள் அதை மாற்றிக் காட்டுகின்றன. லாகினோடு சேர்த்துக் கணக்கு வையுங்கள்.

முதல் முறை வருகிறவரை யோசியுங்கள். டேட்டா இல்லாததால்தான் அவர் வந்திருக்கிறார், அவரிடம் ஆப்பை டவுன்லோடு செய்யுங்கள் என்றால் எதை வைத்துச் செய்வார்? லாகினுக்கு முன்பே ஆப் ஸ்டோரும் உங்கள் சர்வரும் மட்டும் திறக்கிற மாதிரி வழிவிடுங்கள், கேட்டில் ஒரு க்யூஆர் ஒட்டுங்கள். ஆப் சின்னதாக இருக்கட்டும்.

யார் வந்துபோனார் என்று குறித்துவைக்கும் பதிவேட்டு விஷயத்தில் கறாராக இருங்கள். யார், எந்த நேரம், எந்த உள் முகவரி, எந்த போர்ட் (இணைப்பு எண்) என்பது போதும். நேரமும் போர்ட்டும் முக்கியம், ஏனென்றால் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கின்றன. எந்தத் தளம் பார்த்தார் என்பது வீட்டுக்காரருக்கும் தெரியக் கூடாது, உங்களுக்கும் வேண்டாம். வீட்டுக்காரரின் திரையில் எத்தனை பேர், எவ்வளவு டேட்டா, அப்புறம் ஒரே தட்டில் எல்லாரையும் நிறுத்தும் ஒரு பட்டன். இவ்வளவு போதும்.

கடைசியாக, நம் கடற்கரைக்கென்று ஒன்று. 2011 தானே புயலிலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் கடலூரும் புதுச்சேரியும் பட்ட பாடு தெரியும். டவர் போய்விட்டால் ஓடிபி வராது, ஆனால் ஃபைபர் அறுபடாத தெருவில் 12 வோல்ட் மினி யூபிஎஸ் இருந்தால் ரவுட்டர் சில மணி நேரம் ஓடும். அதனால் ஏற்கெனவே ஒருமுறை ஓடிபி கொடுத்தவரிடம் மறுபடி கேட்காதீர்கள், போனில் ஆப் சேமித்து வைத்திருக்கும் டோக்கனை (நுழைவுச் சீட்டு மாதிரி) வைத்தே உள்ளே விடுங்கள். புயல் காலத்துக்கு முன், அக்டோபருக்குள் பதிவுசெய்துகொள்ளச் சொல்லி எல்லாப் பயனர்களுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். புயல் நேரத்தில் விருந்தாளி வரம்பை ஒரு ஆளுக்கு 1 எம்பிபிஎஸ் ஆக்கிவிட்டால் இன்னும் நிறையப் பேர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிடலாம்.