ட்ரெவெசா படகு மாதிரி: எங்கே சறுக்குகிறார்கள்

ஜூன் நெருங்கினால் மொரீஷியஸில் யாராவது ஒருவர் ட்ரெவெசா படகின் மாதிரியைச் செய்ய உட்கார்ந்துவிடுகிறார். பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற தச்சர்கள், போன வருடம் ஒரு பல் டாக்டர். கதை இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். 1923 ஜூன் 4-ம் தேதி விடிவதற்கு முன், ஆஸ்திரேலியாவில் துத்தநாகத் தாது ஏற்றி வந்த அந்த பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் இந்தியப் பெருங்கடலின் நடுவே மூழ்கியது. 44 பேர் இரண்டு லைஃப்போட்டுகளில் ஏறினார்கள். கேப்டன் ஃபாஸ்டரின் படகு ஜூன் 26-ல் ரொட்ரிகஸ் தீவை அடைந்தது. தலைமை அதிகாரி ஸ்மித்தின் படகு ஜூன் 29-ல் நம் தென்கரையில், பெல் ஓம்ப்ரில் ஒதுங்கியது. வழியிலேயே உயிர் விட்டவர்கள் உண்டு. அந்த 29-ம் தேதியைத்தான் இங்கே கடலோடிகள் தினமாக வைத்திருக்கிறோம்.

செய்யட்டும், நல்ல காரியம்தான். ஆனால் என் மேசைக்கு வந்து சேரும் அரைகுறைப் படகுகளில் திரும்பத் திரும்ப அதே கோளாறுகள். ஆரம்பத்தில் நாங்களும் அப்படித்தான் சொதப்பினோம் என்பதால் வாசற்படியில் வரும்போதே தெரிந்துவிடுகிறது. கத்தியைப் பார்த்துப் பிடி, பசையை அள்ளிப் பூசாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

வேறு படகைச் செய்வது

லைஃப்போட் என்று தேடினால் முதலில் கிடைப்பது இங்கிலாந்துக் கரையோர மீட்புப் படகுகளின் வரைபடங்கள். 1802-ல் ஹென்றி கிரேட்ஹெட் கட்டிய செட்லாண்ட் இன்றும் ரெட்கார் ஊரில் இருக்கிறது, அழகான படகு. அதன் வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு, பக்கவாட்டில் தக்கை வரிசையெல்லாம் ஒட்டி, "ட்ரெவெசா" என்று பெயர் எழுதிக்கொண்டு வருகிறார்கள். கரையிலிருந்து ஆட்கள் துடுப்புப் போட்டு மீட்கப் போகும் படகு வேறு. கப்பலின் மேல்தளத்தில் தொங்கி, ஆபத்து நேரத்தில் கீழே இறங்கும் படகு வேறு. கப்பல் லைஃப்போட்டுக்குப் பொதுவாக வெளியே தக்கைக் கச்சை இருக்காது. மிதக்கவைப்பவை உள்ளே, பக்க இருக்கைகளுக்கு அடியில் அடைத்து வைத்த உலோகக் காற்றுத் தொட்டிகள்.

இன்னொன்று, பின்பக்கம். நம் கரையில் நிற்கும் மோட்டார் பிரோக்கை, அதாவது மீனவர் படகைப் பார்த்துப் பழகிய கண் பின்னால் ஒரு தட்டைப் பலகையை வைத்துவிடுகிறது. அந்தக் காலத்துக் கப்பல் லைஃப்போட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு முனையும் கூரானவை. சுக்கான் எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் முன் எது, பின் எது என்று சொல்ல வேண்டும்.

எல்லாப் பலகையையும் ஒரே அகலத்தில் வெட்டுவது

இதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மற்ற தவறு எதையும் சுரண்டி, தேய்த்து, வண்ணம் பூசி மறைக்கலாம். இதை மறைக்க வழியே இல்லை. மரமும் போகும், மாதமும் போகும்.

இந்தப் படகுகளின் உடம்பு, ஒரு பலகையின் மேல்விளிம்பில் அடுத்த பலகையின் கீழ்விளிம்பு ஏறி உட்காரும் முறையில் கட்டப்பட்டது. அதனால் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு நிழல்கோடு விழும். வண்ணம் பூசினால் அந்தக் கோடு இன்னும் எடுப்பாகத் தெரியும். கோடுகள் முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒழுங்காக, நெருங்கி, விரிந்து, மறுபடி நெருங்கி ஓடினால் அது படகு. ஒரு கோடு நடுவில் குதித்தாலும் பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும். படகு கட்டத் தெரியாதவருக்கும் என்னவோ சரியில்லை என்று தோன்றிவிடும்.

கூட்லாண்ட்ஸில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன். கை சுத்தமான கை. மே மாதக் கடைசியில் ஒரு படகைத் துணியில் சுற்றி எடுத்து வந்தான். "தோந்தோன் (மாமா), மேல் பலகை மட்டும் உட்காரவே மாட்டேன் என்கிறது, ஒரு வழி சொல்லுங்கள்" என்றான். துணியை விலக்கினேன். ஏராவிலிருந்து, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டையிலிருந்து, எட்டுப் பலகை வரை அருமையாக ஒட்டியிருந்தான். அதற்குள் இரண்டு முனையிலும் பலகைகள் உச்சியைத் தொட்டுவிட்டன. நடுவிலோ இன்னும் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறந்து கிடந்தது. அந்தப் பள்ளத்தை அடைக்க இரு முனையும் கூரான ஆப்பு மாதிரி துண்டுகளை வெட்டிச் சொருகியிருந்தான். அவன் வழி கேட்டது கடைசி ஆப்புக்கு. கோளாறு இருந்ததோ முதல் பலகையில். இதை அவனிடம் எப்படிச் சொல்வது?

ஏன் இப்படி ஆகிறது? கணக்கைப் பாருங்கள். 26 அடி நீளப் படகை 12-ல் ஒரு பங்காகச் செய்வதாக வைத்துக்கொள்வோம். மாதிரி சுமார் 66 சென்டிமீட்டர் வரும். படகின் நடுவில், ஏராவிலிருந்து மேல்விளிம்பு வரை உடம்பின் வளைவோடு ஒரு காகித நாடாவைச் சுற்றி அளந்தால் 152 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதே அளவை முன்முனையில் எடுத்தால் 102 தான். ஒரு பக்கத்துக்கு 12 பலகை என்றால் நடுவில் ஒவ்வொன்றும் 12.7 மில்லிமீட்டர் வெளியே தெரிய வேண்டும், முனையில் 8.5. கடையில் வாங்கிய சீரான பட்டையை அப்படியே 12.7 அகலத்தில் ஒட்டினால், முனையில் எட்டுப் பலகைக்கே இடம் முடிந்துவிடும். மீதி நாலு பலகைக்குப் போக்கிடம் இல்லை. தம்பியின் படகில் நடந்தது இதேதான், மில்லிமீட்டர் பிசகாமல்.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறும் அளவை மறந்துவிடுகிறார்கள். இந்த அளவு மாதிரியில் ஏற்றம் 2 மில்லிமீட்டராவது வேண்டும். ஆக நடுவில் பலகையை 14.7-க்கு வெட்ட வேண்டும். 12.7-க்கே வெட்டி 2 மில்லிமீட்டர் ஏற்றி ஒட்டினால், பதினொரு இடத்தில் சேர்ந்து 22 மில்லிமீட்டர் காணாமல் போகும். கிட்டத்தட்ட இரண்டு பலகை. அப்போதும் இதே ஆப்பு வேலைதான், வேறு காரணத்துக்கு.

செய்ய வேண்டியது இது. பலகை வெட்டும் முன் ஒவ்வொரு அச்சுத் தட்டின் (பலகைகளைத் தாங்க, படகின் குறுக்கு வடிவத்தில் வெட்டி நிறுத்தும் தட்டு) விளிம்பிலும் காகித நாடாவை வைத்து நீளத்தைக் குறியுங்கள். நாடாவைப் பன்னிரண்டாகப் பிரித்து, அந்தப் புள்ளிகளைத் தட்டின் விளிம்புக்கு மாற்றுங்கள். முன்முனையிலும் பின்முனையிலும் அப்படியே. பிறகு 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள, வளையக்கூடிய ஒரு மெல்லிய குச்சியை முதல் புள்ளி வரிசையில் குண்டூசியால் நிறுத்திக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். குச்சி எங்காவது புடைத்தாலோ அமுங்கினாலோ அந்தப் புள்ளியை நகர்த்துங்கள். கணக்கு சொன்ன புள்ளியும் கண் சொல்லும் கோடும் மோதினால் கண் பக்கம் நில்லுங்கள். பன்னிரண்டு வரிசைக்கும் இதைச் செய்ய ஒரு முழு மாலை ஆகும். அலுப்பாகத்தான் இருக்கும். இந்த ஒரு மாலையை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் எல்லோரும் மாதக்கணக்கில் இழக்கிறார்கள், எனக்கு எரிச்சல் வருவதும் அதனால்தான்.

கோடுகள் சரியான பிறகு, மெல்லிய காகிதத்தை இரண்டு கோட்டுக்கு நடுவே ஒட்டி, நகத்தால் தேய்த்துப் பலகையின் வடிவத்தை எடுங்கள். பிரித்து மேசையில் போட்டால் திகைப்பீர்கள். அது நேர்ப்பட்டையாக இருக்காது, வாழைப்பழம் போல வளைந்து கிடக்கும். அந்த வடிவத்தை மேல்விளிம்பில் ஏற்றத்துக்கான 2 மில்லிமீட்டரையும் சேர்த்து மரத்திலிருந்து வெட்ட வேண்டும். நேர்ப்பட்டையை வெந்நீரில் ஊறவைத்துப் பக்கவாட்டில் வளைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தட்டையாக வளையும் மரம் விளிம்புவாக்கில் வளையாது, முறுக்கிக்கொண்டு எழும்பும்.

இடதும் வலதும் ஜோடியாக ஒட்டுங்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் உடம்பே கோணிவிடும். அடிவயிறு வளையும் இடத்தில், கீழ்ப் பலகையின் மேல்விளிம்பைச் சாய்வாகச் செதுக்கினால்தான் அடுத்தது படியும். இரண்டு முனையிலும் கடைசி மூன்று நாலு சென்டிமீட்டரில் ஏற்றத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய், முனைக்கட்டையை அடையும்போது பலகைகள் ஒரே மட்டத்தில் முடிய வேண்டும். இதைச் செய்யாமல் முனையில் படிக்கட்டு மாதிரி விட்ட மாதிரிகளைக் கடைக் கண்ணாடிக்குள்ளேயே பார்த்திருக்கிறேன், நல்ல விலையோடு.

தம்பியின் படகில் எட்டுப் பலகையையும் கழற்றினோம். ஜூன் 29-க்கு முடியவில்லை.

உள்ளே அச்சுத் தட்டை விட்டுவிடுவது

பெரிய கப்பல் மாதிரி செய்து பழகியவர்கள் செய்வது. கப்பலுக்கு மேல்தளம் உண்டு, உள்ளே என்ன இருந்தாலும் மூடிவிடும். இது திறந்த படகு, வயிறு முழுக்கத் தெரியும். நிஜப் படகிலேயே முதலில் பலகை, அப்புறம்தான் ஆவியில் வளைத்த வங்குகளை (விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களை) உள்ளே பொருத்துவார்கள். ஆகவே அச்சுத் தட்டுகள் தற்காலிகம்தான். விளிம்பில் மெழுகு தேய்த்தோ செலோடேப் ஒட்டியோ வைத்தால் பசை பிடிக்காது, பலகை முடிந்ததும் உருவி எடுத்துவிடலாம். மெழுகு மறந்தவர்கள் உளியோடு போராடி, அடியில் ஓட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

தேக்கு

இந்தத் தீவில் கப்பல் மாதிரித் தொழில் 1968-ல் ஜோசே ராமர் விளையாட்டாகச் செதுக்கிய ஒரு பாய்மரக் கப்பலில் தொடங்கியதாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து பட்டறைகளில் தேக்கு புழங்குகிறது, அதனால் எல்லோரும் தேக்கே கேட்கிறார்கள். மீட்டர் நீளக் கப்பலுக்கு அது சரி. ஒன்றேகால் மில்லிமீட்டர் பலகைக்கு அதன் ரேகை முரட்டுத்தனமாகத் தெரியும். எண்ணெய்ப் பசை உள்ள மரம், ஒட்டும் முன் அசிட்டோன் தொட்டுத் துடைக்காவிட்டால் பசை நம்ப முடியாது. எப்படியும் வண்ணம் பூசப்போகும் படகுக்கு ரேகை தெரியாத எந்த நெருக்கமான மரமும் போதும்.

மரத்தை விட முக்கியம் அது இருந்த ஊர். க்யூர்பிப் மழையில் கிடந்த பலகையை அன்றைக்கே ஒட்டி, போர்ட் லூயியில் ஏசி அறையில் கொண்டுபோய் வைத்தால் சில வாரத்தில் ஏற்றங்கள் வாய் பிளக்கும். வேலை செய்யும் அறையிலேயே மரத்தை இரண்டு மூன்று வாரம் போட்டுவையுங்கள்.

வார்னிஷ்

வேண்டாம். பூசியே தீருவேன் என்றால் ட்ரெவெசா என்று எழுதாதீர்கள்.

தேயிலையில் முக்கிய பாய்

பழைய தோற்றம் வர, பாயையும் கயிற்றையும் தேநீரில் முக்குவது நம் பட்டறை வழக்கம். நிறம் அழகாக வரும். ஆனால் தேயிலையின் துவர்ப்புச் சத்து பருத்தியை மெல்ல அரிக்கும், வருடங்கள் போனால் மடிப்பில் துணி இற்றுவிடும். துணிச் சாயத்தைக் கரைத்து முக்குங்கள். பாயை விட்டுவிடவும் வேண்டாம். அவர்கள் வந்தது பெரும்பாலும் பாயை நம்பித்தான். கேப்டனின் படகு வேகமாக ஓடியதால்தான் இரண்டும் சில நாளில் பிரிந்தன.

பெருத்த கயிறு

நிஜத்தில் 12 மில்லிமீட்டர் கயிறு, மாதிரியில் ஒரு மில்லிமீட்டர். பார்சல் கட்டும் சணலை மாட்டாதீர்கள்.

படகுக்குள் கண்டதையும் நிரப்புவது

சிறு பீப்பாய், இறைச்சி டின், வலை, தூண்டில், ஒரு தடவை ஒரு கிளிகூட இருந்தது. ஃபாஸ்டர் முதல் உலகப் போரில் டார்பிடோ அடிபட்டுத் திறந்த படகில் கிடந்து மீண்டவர். தாகம் எடுக்கவைக்கும் உணவு உதவாது என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டு, படகுகளில் டின் பாலும் பிஸ்கெட்டும் ஏற்றிவைத்திருந்தார். தண்ணீரும் பாலும் அளந்து கொடுத்தது சிகரெட் டின்னில். அதனால் தண்ணீர்ப் பீப்பாய், பால் டின், பிஸ்கெட் டின், துடுப்பு, இறைக்கும் வாளி, இவ்வளவு போதும். பால் டின் நிஜத்தில் ஏழு, எட்டு சென்டிமீட்டர் உயரம். மாதிரியில் ஆறேழு மில்லிமீட்டர். உங்கள் டின் விரல் நுனியைவிடப் பெரிதாக இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஆள் பொம்மை

ஸ்மித்தின் படகில் இருந்த 24 பேரை நன்றாகச் செய்ய வராவிட்டால் ஒருவரும் வேண்டாம்.

காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி

வண்ணத்தின் ஆவியும் மரத்தின் ஈரமும் உள்ளேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும், க்யூர்பிப் பக்கம் சொல்லவே வேண்டாம். பெட்டியின் அடிப்பலகையில் எதிரெதிராக நாலு சிறு துளை போட்டு, உள்பக்கம் மெல்லிய கம்பி வலை ஒட்டுங்கள். வலை இல்லாத துளை வழியாகப் பூச்சி போய்விடும்.