குன்றிலிருந்து தெரியும் நகரம்: நீர்வண்ணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தை அங்குள்ள கால்டன் குன்றின் மேலிருந்து ஆங்கில ஓவியர் டர்னர் வரைந்த நீர்வண்ண ஓவியத்தைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி வரைய உட்காருகிறவர்கள் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பிரஷைக் கழுவுவது, தண்ணீர் மாற்றுவதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்; அவற்றை விட்டுவிட்டு, அந்தச் சறுக்கல்களை மட்டும் பார்ப்போம்.

தொடுவானத்தைக் கீழே போடுவது

தொடுவானம் எப்போதும் நம் கண்மட்டத்தில் இருக்கும். கால்டன் குன்றின் உயரம் சுமார் 103 மீட்டர். எடின்பரோ கோட்டை நிற்கும் பாறை சுமார் 130 மீட்டர். அதனால் கோட்டை தொடுவானக் கோட்டுக்கு மேலே எழும்பும். தாழ்வான வீடுகள் கோட்டுக்குக் கீழேயே, கூரை தெரிய இருக்க வேண்டும்.

அரைகுறையாகக் காய்ந்த வாஷில் கை வைப்பது

நல்ல பேப்பரைப் பாழாக்குவதில் முதலிடம் இதற்குத்தான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருகிறது. வானத்திலிருந்து நகரத்தின் அடிவரை கோபால்ட் நீலமும் துளி பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு நிறம்) கலந்த ஈர வாஷ், அதாவது தண்ணீரில் கரைத்து அகலமாகப் பூசும் மெல்லிய நிறம், மூடுபனியாக அழகாக வந்திருக்கும். பொறுமையில்லாமல் அதன் மேல் கோபுரத்தை வைப்பார்கள். பிரஷில் உள்ள தண்ணீர் பேப்பரில் இருப்பதைவிட அதிகம். அது பரவும்போது, காயத் தொடங்கிய நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் விளிம்பில் சேர்க்கும். காலிஃப்ளவர் மாதிரி ஒரு கறை! பதறிப்போய் டிஷ்யூவால் தேய்த்தால் பேப்பரின் மேல்பரப்பும் உரிந்துவிடும்.

பேப்பரைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போல மின்னினால் நிறம் சேர்க்கலாம், தாராளமாகப் பரவும். பட்டுத்துணி போல மங்கலாகப் பளபளத்தால், பிரஷைத் துணியில் ஒற்றிவிட்டு கெட்டியான நிறத்தை மட்டும் வையுங்கள்; பனிக்குள் மறையும் கோபுரம் இந்தக் கட்டத்தில்தான் கிடைக்கும். பளபளப்பு போன பிறகு புறங்கையால் தொட்டால் சில்லென்று இருக்கிறதா? உள்ளே ஈரம் இருக்கிறது. தொடாதீர்கள். கறை விழுந்துவிட்டால் முழுக்கக் காயவிட்டு, ஈரப் பிரஷால் விளிம்பை மட்டும் மெல்ல இளக்குங்கள்.

தூரத்து வீடுகளுக்கு ஜன்னல்

வேண்டாம்.

வெள்ளையைக் கடைசியில் தேடுவது

டர்னர் காலத்து ஆங்கில ஓவியர் கிர்ட்டின், லண்டனின் செல்சி பகுதியை 1800-ல் வரைந்த ஓவியத்தில் அந்திக்குள் பளிச்சென்று நிற்கும் சின்ன வெள்ளை வீடு, நிறம் படாமல் விட்ட பேப்பர். வெயில் படும் கூரைகளை முதல் வாஷுக்கு முன்பே பென்சிலால் குறித்துவிடுங்கள். தாலோ நீலம் போன்ற, பேப்பரில் ஊறிப் பிடிக்கும் நிறத்தை அங்கே பூசிவிட்டால் முழுதாக எடுக்கவே முடியாது.

மெல்லிய பேப்பர்

நெளியும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பேப்பர் வாங்கி, நான்கு பக்கமும் பலகையில் டேப் ஒட்டுங்கள்.