மெய்யான சபையை வரலாற்றில் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்; பாதாளத்தின் வாசல்கள் அதை மேற்கொள்வதில்லை” என்று மத்தேயு 16ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். அதை நம்புகிறவர்களுக்கு அடுத்த கேள்வி தானாகவே எழும்: அப்படியானால் இத்தனை நூற்றாண்டுகளும் அந்தச் சபை எங்கே இருந்தது? விசுவாசத்திலிருந்து பிறக்கும் கேள்வி இது. கேட்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குத் தரப்படும் பதில்களில், வேதபாட வகுப்புகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும், ஒரே விதமான பிழைகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகின்றன. சபையின் ஏழு காலங்கள், 1260 ஆண்டுகள், நடுவில் ஒரு கோட்டில் வரிசையாகச் சில பெயர்கள். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் யார், எதை விசுவாசித்தார்கள் என்று பெரும்பாலும் எவரும் விசாரிப்பதில்லை. சத்தியத்தின் பெயரால் செய்யும் வேலையில் இந்த அசட்டையை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ரோமாபுரி துன்புறுத்திய எல்லாரையும் முன்னோர் ஆக்குவது

தவறுகளில் பெரியது இதுதான். வழக்கமான வரிசை இப்படி இருக்கும்: மொண்டானியர், நோவாசியர், டொனாட்டியர், பவுலிக்கியர், கத்தாரியர், வால்டென்சியர், குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த அனபாப்டிஸ்டுகள், பிறகு நாம். அதிகாரத்தில் இருந்த திருச்சபை இவர்களைப் பதிதர், அதாவது தவறான உபதேசக்காரர், என்றது. ஆகவே இவர்களே மெய்யான சபை என்பது இதன் பின்னால் இருக்கும் தர்க்கம்.

ஒவ்வொருவராக விசாரித்துப் பாருங்கள். மொண்டானியர் 2ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள பிரிகியாவில் தோன்றியவர்கள். புதிய எருசலேம் பெப்பூசா என்ற சிற்றூரில் இறங்கும் என்று எதிர்பார்த்தவர்கள். நோவாசியன் 251இல் பிரிந்தது, துன்புறுத்தலுக்கு அஞ்சிக் கிறிஸ்துவை மறுதலித்தவர்களைத் திரும்பச் சேர்க்கலாமா என்ற கேள்வியில்தான். மற்ற உபதேசங்களில் அவருக்கும் ரோமாபுரிக்கும் வேறுபாடு கிடையாது. அவரே தம்மை ரோமாபுரியின் ஆயர் என்று உரிமை கொண்டாடியவர்.

டொனாட்டியரைத் தற்காலத்துச் சுயாதீன சபைகளின் முன்னோடிகளாகக் காட்டுவது இன்னும் அதிகம் நடக்கிறது. 303இல் ரோமப் பேரரசர் டயோக்ளீசியன் தொடங்கிய துன்புறுத்தலின்போது வேதச் சுருள்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்ட ஆயர்களின் ஊழியம் செல்லுமா என்பதே வட ஆப்பிரிக்காவில் எழுந்த சச்சரவு. 411இல் கார்த்தேஜில் இரு தரப்பும் நேருக்கு நேர் வாதிட்டன. தரப்புக்கு இருநூற்றுக்கும் அதிகமான ஆயர்கள் வந்திருந்தார்கள். ஆயர் ஆட்சி, பலிபீடம், இரத்தசாட்சிகளின் விழா எல்லாம் டொனாட்டியரிடமும் இருந்தன. அவர்கள் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தது உண்மை. ஆனால் அது குழந்தை ஞானஸ்நானத்தை எதிர்த்து அல்ல, எதிர்த்தரப்பு கொடுத்தது செல்லாது என்பதற்காக.

கத்தாரியர் விஷயத்தில் நான் கொஞ்சம் அழுத்தியே பேசுவேன். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தெற்குப் பிரான்சில் வாழ்ந்த இவர்களின் உபதேசப்படி, கண்ணால் காணும் உலகம் தீய சக்தியின் படைப்பு. ஆகவே அவர்களில் ‘நிறைவானவர்கள்’ மணம் செய்யவில்லை. இறைச்சி, முட்டை, பால் உண்ணவில்லை. தண்ணீர் ஞானஸ்நானத்தைத் தள்ளிவிட்டு, கைகளை வைத்து ஆவியைத் தரும் ஒரு சடங்கை அதன் இடத்தில் வைத்தார்கள். கிறிஸ்து உண்மையான மனித சரீரம் எடுத்தார் என்பதை ஏற்கவில்லை. யோவானின் முதல் நிருபம் 4ஆம் அதிகாரம் என்ன சொல்கிறது? “மாம்சத்தில் வந்த இயேசுகிறிஸ்துவை அறிக்கைபண்ணாத எந்த ஆவியும் தேவனால் உண்டானதல்ல.” இந்த வசனத்தை மேடையில் முழங்கிவிட்டு, அதே மேடையில் கத்தாரியரை நம் முன்னோர் என்பது எப்படிப் பொருந்தும்?

“இவையெல்லாம் பதிதரைத் தேடித் தண்டித்த திருச்சபை விசாரணை மன்றத்தார் கட்டிய கதை” என்று உடனே ஒரு பதில் வரும். விசாரணைப் பதிவேடுகள் பகைவர் எழுதியவைதான். அவற்றை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் கத்தாரியர் தாங்களே எழுதிய நூல்களும் சடங்கு முறைகளும் கைப்பிரதிகளாக மிஞ்சியிருக்கின்றன. இரு ஆதிசக்திகள் என்ற கொள்கையை அவற்றில் அவர்களே வாதிட்டு நிறுவுகிறார்கள். 1209இல் பெசியே நகரில் நடந்த படுகொலையும், 1244இல் மோன்செகூர் கோட்டையின் அடிவாரத்தில் இருநூறு பேருக்கு மேல் எரிக்கப்பட்டதும் கிறிஸ்துவின் பெயருக்கு நேர்ந்த பெரும் அவமானம். அதற்காகத் துக்கப்பட வேண்டும். கொல்லப்பட்டதால் மட்டும் அவர்களின் உபதேசம் அப்போஸ்தல உபதேசம் ஆகிவிடாது.

வால்டென்சியர் கதை வேறு. அதை உள்ளபடி சொன்னாலே போதும், மனம் நிறைந்துவிடும். லியோன் நகர வணிகரான வால்டோ 1170களில் தம் சொத்தைக் கொடுத்துவிட்டு, சுவிசேஷங்களை மக்கள் பேசும் மொழியில் பெயர்க்கச் செய்து பிரசங்கிக்கத் தொடங்கினார். 1179இல் அவரது குழுவினர் ரோமாபுரிக்கே போய் அனுமதி கேட்டார்கள். பிரிந்து போகும் எண்ணம் அப்போது அவர்களிடம் இல்லை. 1184இல்தான் சபைக்குப் புறம்பாக்கப்பட்டார்கள். இதில் பலரும் கவனிக்காத ஒன்று: தொடக்ககால வால்டென்சியர் கத்தாரியரை எதிர்த்துப் பிரசங்கித்தார்கள், நூலும் எழுதினார்கள். ஒருவரை ஒருவர் மறுத்து நின்ற இரு கூட்டத்தாரைத்தான் நம் வரிசை அண்ணன் தம்பியாக நிறுத்தியிருக்கிறது.

வால்டென்சியர் அப்போஸ்தலர் காலம் முதலே ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் இருந்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. அது பின்னால் சேர்ந்த மரபு. அவர்களுக்கு அந்தக் கற்பனை தேவையும் இல்லை. 1532இல் சான்போரானில் கூடி, சீர்திருத்த இயக்கத்தோடு இணைந்து, பிரெஞ்சு வேதாகம மொழிபெயர்ப்புக்குப் பணம் திரட்டிய ஏழை மலைவாசிகள் அவர்கள். அந்த வேதாகமம் 1535இல் வெளிவந்தது. 1655இல் வடமேற்கு இத்தாலியின் பீட்மாண்டில் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். குடியுரிமை கிடைத்தது 1848 பிப்ரவரி 17ஆம் தேதிதான். இவ்வளவு உண்மை கையில் இருக்கும்போது அதன்மேல் எதற்கு இட்டுக்கட்ட வேண்டும்?

பிறந்த ஆண்டை மறைப்பது

மேற்சொன்ன வரிசை எதற்காகக் கட்டப்படுகிறது என்று யோசித்தால், பெரும்பாலும் நம் சபைப்பிரிவு அண்மையில் தோன்றியது என்ற கூச்சமே காரணமாக இருக்கும். ஆங்கிலேயப் பாப்டிஸ்டுகளின் முதல் சபை 1609இல் ஆம்ஸ்டர்டாமில் உருவானது. செவன்த்டே அட்வெண்டிஸ்ட் சபை 1863இல் அமைப்பாக ஒழுங்கு பெற்றது. பெந்தெகொஸ்தே இயக்கத்தை உலகெங்கும் கொண்டுபோன எழுப்புதல் லாஸ் ஏஞ்சலஸின் அசூசா தெருவில் 1906இல் தொடங்கியது. தமிழ்நாட்டு லுத்தரன்களின் வரலாறு 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியதோடு தொடங்குகிறது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் பிறந்தது. இவற்றில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கிறிஸ்துவின் சபை ஒன்றே என்பதும், ஒரு குறிப்பிட்ட நிர்வாக அமைப்பு குறிப்பிட்ட ஆண்டில் தோன்றியது என்பதும் முரண்பட்டவை அல்ல.

ஆயர் பட்டியலை மட்டும் நீட்டி “எங்களிடமே தொடர்ச்சி” என்பவர்களுக்கும் இதே அக்கறையோடு ஒன்று சொல்ல வேண்டும். ஏறத்தாழ 180இல் லியோன் ஆயர் ஐரேனியு ரோமாபுரி ஆயர்களின் பெயர்களை வரிசைப்படுத்தியது, அப்போஸ்தலர் கற்பித்தது மாறாமல் கைமாறி வந்திருக்கிறது என்று காட்டத்தான். பெயர்கள் உபதேசத்துக்குச் சாட்சி. உபதேசத்துக்குப் பதிலாக அல்ல. பெயர் வரிசையும் எப்போதும் நேராகப் போகவில்லை: 1378 முதல் 1417 வரை இரண்டு போப்புகள், 1409க்குப் பிறகு மூன்று போப்புகள், ஒவ்வொருவரும் தாமே உண்மையானவர் என்றார்கள்.

எல்லாவற்றையும் கான்ஸ்டன்டைன் தலையில் கட்டுவது

சபையைக் கெடுத்தவர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் என்ற பேச்சை விரைவாகவே முடித்துவிடலாம், ஏனெனில் ஆண்டுகளே பதில் சொல்லிவிடும். 313இல் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை அரச மதம் ஆக்கவில்லை. மற்ற மதங்களோடு அதற்கும் சுதந்திரம் அளித்தார். அரச மதமானது 380இல், பேரரசர் தியோடோசியஸ் காலத்தில். ஞாயிறு ஓய்வுச் சட்டம் 321இல் வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையைக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் 150ஐ ஒட்டியே விவரித்துவிட்டார். ஓய்வுநாளைக் குறித்து வேதத்திலிருந்து வாதிட விரும்புகிறவர்கள் தாராளமாக வாதிடட்டும், ஞாயிறு ஆராதனையைக் கான்ஸ்டன்டைன் புகுத்தினார் என்று மட்டும் சொல்ல வேண்டாம். 325இல் கூடிய நிசேயா சங்கம் வேதாகமப் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்று ஆரியு எழுப்பிய உபதேசச் சிக்கலையும் உயிர்த்தெழுதல் பண்டிகையின் தேதியையும் போன்றவற்றைப் பேசியது. இயேசுவை அங்கேதான் தேவன் ஆக்கினார்கள் என்பதும் தவறு. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைத் தேவன் என்று பாடுகிறார்கள் என்று ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

தீர்க்கதரிசனத்தை நாட்காட்டி ஆக்குவது

வெளிப்படுத்தின விசேஷம் 2, 3ஆம் அதிகாரங்களில் உள்ள ஏழு சபைகளை ஏழு காலகட்டங்களாகப் பிரிப்பது பலருக்குப் பழகிப்போன விளக்கம். அதைச் சொல்லும் முன் அந்த ஊர்களை ஊர்களாகவே பார்க்க வேண்டும். லவோதிக்கேயா 60ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்து, ரோமின் உதவி இல்லாமலே தன் செல்வத்தால் மீண்டும் எழுந்த நகரம். இதைத் தெரிந்துகொண்டு “நான் ஐசுவரியவானென்றும், திரவியசம்பன்னனென்றும், எனக்கு ஒரு குறைவுமில்லையென்றும்” என்ற வரியைப் படியுங்கள். கடிதம் யாருக்குப் போனது என்பது விளங்கும். “மரணபரியந்தம் உண்மையாயிரு” என்று கேட்ட சிமிர்னாவில்தான், 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆயர் பாலிகார்ப் கிறிஸ்துவை நிந்திக்க மறுத்து எரிக்கப்பட்டார். 86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்றார் அந்த முதியவர். ஏழு கடிதங்களிலும் “ஆவியானவர் சபைகளுக்குச் சொல்லுகிறதை” என்று பன்மையிலேயே வருகிறது. ஒவ்வொரு கடிதமும் எல்லாச் சபைக்கும் எல்லாக் காலத்துக்கும் உரியது. காலகட்ட விளக்கத்தில் இந்தக் கூர்மை மழுங்கிவிடுகிறது: லவோதிக்கேயா மற்றவர்களாகவும், பிலதெல்பியா எப்போதும் நாமாகவும் ஆகிவிடுகிறோம்.

அடுத்தது 12ஆம் அதிகாரத்தின் 1260 நாட்கள். வனாந்தரத்துக்கு ஓடிய ஸ்திரீ அங்கே போஷிக்கப்படும் காலம் அது; அவளை மெய்யான சபை என்று கொள்கிறார்கள். எண்ணாகமம் 14:34, எசேக்கியேல் 4:6 ஆகிய வசனங்களைக் கொண்டு ஒரு நாளை ஓர் ஆண்டாக எண்ணி, அதைப் போப்பின் ஆதிக்கக் காலமாகக் கொண்டு, 538இல் தொடங்கி 1798இல் முடிப்பது ஒரு கணக்கு. முடிவில் ஒரு நிகழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது: 1798 பிப்ரவரியில் பிரெஞ்சுத் தளபதி பெர்தியே ரோமாபுரியைக் கைப்பற்ற, போப் ஆறாம் பயஸ் சிறைப்பட்டார். தொடக்கம்தான் நிற்கவில்லை. 538இல் ரோமாபுரியைச் சூழ்ந்திருந்த கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தாரின் முற்றுகை விலகியது உண்மை; ஆனால் 546இல் அவர்கள் மறுபடி நகரைப் பிடித்தார்கள். போப்பின் அதிகாரமும் அப்போது உச்சத்தில் இல்லை: 537இல் பேரரசரின் தளபதி பெலிசாரியஸ் ஒரு போப்பைப் பதவியிலிருந்தே நீக்கினார். வேறு சிலர் 606இல் தொடங்கி 1866இல் முடித்தார்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே, துறவி யோவாக்கிமைப் பின்பற்றியவர்களில் பலர் கி.பி. 1260ஆம் ஆண்டையே எதிர்பார்த்தார்கள். இவர்களில் பலர் ஜெபத்தோடு வேதம் ஆராய்ந்தவர்கள். 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்துவின் வருகைக்காக இரவெல்லாம் காத்திருந்து கண்ணீர்விட்ட வில்லியம் மில்லரின் கூட்டத்தாரும் அப்படியே. ஒரே முறை இத்தனை வெவ்வேறு ஆண்டுகளைத் தருகிறது என்றால், எந்த ஆண்டையும் மெய்யான சபையின் அடையாளச் சீட்டாகப் பயன்படுத்த முடியாது.

மேற்கை மட்டும் பார்ப்பது

நம் ஊரில் இது நடக்கும்போது எனக்கு வருத்தம் அதிகம். வனாந்தரத்துக்கு ஓடிய ஸ்திரீயை ஆல்ப்ஸ் மலையில் தேடுகிறோம். அவள் போப்பிடமிருந்து ஓடினாள் என்று வைத்துக்கொள்கிறோம். 4ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசர் இரண்டாம் ஷாபூர் கிறிஸ்தவர்களைத் திரளாகக் கொன்றபோது அதில் போப்புக்குப் பங்கே கிடையாது. ரோம் கிறிஸ்தவம் பக்கம் சாய்ந்துவிட்டதால், தம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் பகைவருக்கு உளவு பார்ப்பார்கள் என்ற சந்தேகமே காரணம். ஆர்மீனியாவும் எத்தியோப்பியாவும் அதே நூற்றாண்டில் கிறிஸ்துவை ஏற்றிருந்தன. பாரசீகச் சபையின் ஊழியர் அலோபென் 635இல் சீனத் தலைநகரை அடைந்ததை, 781இல் நிறுத்தப்பட்ட சியான் கல்வெட்டு சொல்கிறது.

இங்கே கொல்லத்தில், 849இல், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோயிலுக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிய செப்பேடுகள் வட்டெழுத்தில் இன்றும் இருக்கின்றன. அந்தச் சபை சிரியாக் மொழியில் ஆராதித்தது. பாரசீகத்திலிருந்து ஆயர்களைப் பெற்றது. 1599இல் உதயம்பேரூரில் கோவா பேராயர் மெனேசஸ் கூட்டிய சங்கம் அவர்களை ரோமாபுரிக்குக் கீழ்ப்படுத்தியது. அவர்களின் சிரியாக் நூல்கள் பல எரிக்கப்பட்டன. 1653இல் மட்டாஞ்சேரியில் கூனன் சிலுவை முன் திரண்டு, அப்போது தங்கள்மேல் அதிகாரம் செலுத்திய ஜேசுயிட் (இயேசு சபைத் துறவி) ஆயருக்கு இனிக் கீழ்ப்படிய மாட்டோம் என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். நமக்குச் சில மணி நேரப் பயணத் தொலைவில் வாழ்ந்த இந்தக் கிறிஸ்தவர்களின் பெயர் அந்த வரிசையில் எங்குமே இல்லை. வேதபாட வகுப்புக்கு அடுத்த முறை வரைபடம் தயாரிக்கிறவர்கள் கொல்லத்துச் செப்பேட்டின் 849ஐ முதலில் குறித்துவிட்டு மற்றவற்றை எழுதத் தொடங்கட்டும்.