தொண்டை வலி நோயாளி எதிரில் இருக்கும்போது கைட்லைன் பார்ப்பது எப்படி?

புதிதாகக் கிளினிக் தொடங்கியிருக்கும் குடும்ப மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் கைட்லைன்களுக்குப் பஞ்சமில்லை. ஓபி நெரிசலில் சரியான வரியைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. தினமும் பார்க்கும் தொண்டை வலியையே எடுத்துக்கொள்வோம்.

1. போனைத் தயார் செய்யுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் எஸ்டிடபிள்யூ (நோய்வாரியான சிகிச்சைப் படிமுறைத் தாள்கள்), உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 'அவேர்' ஆன்டிபயாடிக் கையேடு, பிரிட்டனில் சிகிச்சைக் கைட்லைன்களை வெளியிடும் அரசு அமைப்பான நைஸின் பக்கம். மூன்றும் இலவசம். ஓபி தொடங்கும் முன்பே போனில் சேமித்துவிடுங்கள்.

2. முதலில் நோயாளியைப் பாருங்கள்

மூச்சுத் திணறுகிறதா, எச்சில்கூட விழுங்க முடியவில்லையா? அப்படியானால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மற்றவர்களுக்குக் கேள்வியைச் சுருக்குங்கள்: 'இரண்டு நாள் காய்ச்சல், டான்சிலில் சீழ், இருமல் இல்லை. ஆன்டிபயாடிக் தேவையா?'

3. மதிப்பெண் போடுங்கள்

தொண்டை வலிக்கு ஸ்ட்ரெப் பாக்டீரியா காரணமாக இருக்குமா என்று கணிக்க, நைஸ் 2018-இல் சொன்ன ஃபீவர்பெயின் மதிப்பெண் முறை எளிது. கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல், டான்சிலில் சீழ், வலி தொடங்கி 3 நாளுக்குள் வந்திருப்பது, டான்சில் கடுமையாகச் சிவந்திருப்பது, இருமலோ சளியோ இல்லாதது: ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 0 அல்லது 1 என்றால் ஆன்டிபயாடிக் வேண்டாம். 4, 5 வந்தால் தரலாம்.

4. எந்த ஊருக்கு எழுதியது?

பலரும் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான். நைஸ், பென்சிலினை 5 முதல் 10 நாள் என்கிறது. பிரிட்டனில் ருமாட்டிக் காய்ச்சல் (ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்) மிக அரிது. நம் ஊரில் ஸ்ட்ரெப் தொற்றை அரைகுறையாக விட்டால், சில பிள்ளைகளுக்கு இதய வால்வே கெட்டுப்போகிறது. அவேர் கையேடு இதைப் பிரித்தே சொல்கிறது: ருமாட்டிக் காய்ச்சல் அதிகமுள்ள இடங்களில் 10 நாள். அதனால் 5 நாள் சீட்டை அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முன்பு எப்போதாவது மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்றும் கேளுங்கள். வந்திருந்தால், மதிப்பெண் குறைவு என்று மட்டும் பார்த்து அனுப்பிவிடக் கூடாது. பென்சிலின் அலர்ஜியும் கேட்டாக வேண்டும்.

5. சொல்லுங்கள், அப்புறம் எழுதுங்கள்

வெறுமனே 'ஆன்டிபயாடிக் வேண்டாம்' என்றால், நேரே மருந்துக்கடைக்குப் போய் அஜித்ரோமைசின் வாங்கிவிடுவார்கள். 'அம்மா, இது வைரஸ் மாதிரிதான் தெரியுது. ஒரு வாரத்துல அடங்கிடும். பாராசிட்டமால் போதும். தண்ணிகூட இறங்கலைன்னா உடனே வாங்க' என்று பொறுமையாகச் சொல்லுங்கள். மதிப்பெண்ணையும், எந்தக் கைட்லைன், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் கேஸ் ஷீட்டில் ஒரு வரியில் குறித்துவிட்டால், மறுபடி வரும்போது வேறு மருத்துவர் பார்த்தாலும் குழப்பம் இருக்காது.