இமயமலைக்குக் கிளம்பும் சேலத்துக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இமயமலைக்கு டிக்கெட் போட்டதும் பலர் செய்யும் முதல் வேலை, ஞாயிறு விடியலில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்து பழகுவது. நல்ல பழக்கம்தான். மூச்சுக்கும் தொடைக்கும் அதைவிட நல்ல பயிற்சி பக்கத்தில் கிடையாது. ஆனால் அங்கிருந்துதான் பெரிய தவறும் ஆரம்பிக்கிறது.

“ஏற்காடே ஏறிட்டோம், லே என்ன பெருசு?”

ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியே சுமார் 1,620 மீட்டர்தான். ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடிகூட 2,695 மீட்டர். லடாக்கின் லே நகரமோ 3,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக, உயரத்துக்கு உடம்பைப் பழக்க நம்மூர்ப் பக்கம் மலையே இல்லை. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால் அவருக்குத்தான் ஆபத்து அதிகம், வேகமாக ஏறிவிடுவார்.

வருஷா வருஷம் கண்ணில் படும் திட்டம் இது: சனிக்கிழமை காலை விமானத்தில் லே, ஞாயிறு கர்துங் லா கணவாய் வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு, திங்கள் பாங்காங் ஏரி. லீவு நாலு நாள்தான், அதனால் இப்படி. சனி மதியம் எல்லோரும் கடைவீதியில் குஷியாகச் சுற்றுவார்கள். ராத்திரி தலை கனக்கும், சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. “பிளைட்ல வந்த அலுப்பு” என்று ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் 5,300 மீட்டருக்கு மேல் போவார்கள். நுப்ரா லேயைவிடத் தாழ்வு என்பதால் அன்றிரவு தப்பித்துவிடலாம். மூன்றாம் ராத்திரி பாங்காங்கில், 4,200 மீட்டருக்கு மேல், படுக்கும்போதுதான் வசமாக மாட்டுவார்கள்.

கணக்கு எளிது. பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட, ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதே முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டியபின் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டக்கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு ராத்திரி. விமானத்தில் லே போனால் முதல் 48 மணி நேரம் ஊரைவிட்டு நகராதீர்கள். மது, தூக்க மாத்திரை இரண்டும் வேண்டாம். சாலை வழி என்றால் ஸ்ரீநகர், கார்கில் பாதை மெதுவாக ஏற்றும். மணாலி பாதையில் முதல் ராத்திரியே உயரமான சார்ச்சுவில் படுக்கவைக்கும் டிரைவரிடம் அதைவிடத் தாழ்வான ஜிஸ்பாவில் நிறுத்தச் சொல்லுங்கள்.

உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்; மற்றவர்களும் கேட்காமல் போடக்கூடாது. விரல்நுனி மதமதக்கும், சோடா சப்பென்று இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். கடையில் விற்கும் ஆக்சிஜன் டப்பா சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும், அதை நம்பி மேலே போகாதீர்கள்.

தலைவலியோடு குமட்டல் இருந்தால் அதற்குமேல் ஏறக்கூடாது. ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே இறக்க வேண்டும்.

நம்ம லீவை வைத்து சீசன் பார்ப்பது

உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு ஜூனில் திறக்கும், ஆனால் பூ பார்க்க ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை போக வேண்டும். அதுவே அங்கே அடைமழைக் காலம்; ஜோஷிமட் சாலையில் மண் சரிந்தால் ஒரு நாள் அப்படியே போய்விடும். திரும்பும் டிக்கெட்டுக்கு முன் இரண்டு நாள் சும்மா விடுங்கள். லடாக் மழைமறைவுப் பகுதி என்பதால் அதே மாதங்களில் பரவாயில்லை. நமக்கு ஐப்பசி மழை கொட்டும்போது இமயமலையில் வானம் துடைத்துவிட்டது போலிருக்கும். அந்த அக்டோபரைத்தான் நம்மாட்கள் தீபாவளிக்காக விட்டுவிடுகிறார்கள்.

ஏறி மட்டும் பழகுவது

ஏற்காட்டுக்கு நடந்து ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்கினால் பாதிப் பயிற்சிதான். முட்டி போவது இறக்கத்தில். ஆறேழு கிலோ பையோடு இறங்கியும் பழகுங்கள்.

புது ஷூ

50 கிலோமீட்டராவது நடக்காத ஷூ வேண்டாம்.

ப்ரீபெய்டு சிம்

லடாக்கிலும் காஷ்மீரிலும் வெளிமாநில ப்ரீபெய்டு எடுக்காது. போஸ்ட்பெய்டு.

பயிற்சிக்காகக் காப்புக்காட்டில் குறுக்கு வழி

மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட 2018 குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகுமா? வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். காபித் தோட்ட ஓரங்களில் காட்டெருமையும் நிற்கும்.